2002-ல் நீர் எங்கே இருந்தீர்?

எண்பதை எட்டிப் பார்க்கிறவனிடம் ஊர் கேட்கிற கேள்விகள் இரண்டே: மாத்திரை போட்டாச்சா, பேரன் எங்கே வேலை பார்க்கிறான். 2025 நவம்பர் 4 முதல் மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது: 2002-ல் நீர் எங்கே இருந்தீர்? வழக்கமாக இதை ஸ்டேஷனில் உட்காரவைத்துத்தான் கேட்பார்கள். தேர்தல் ஆணையம் பெரியமனது பண்ணி வீட்டு வாசலுக்கே படிவம் அனுப்பிக் கேட்டது. 2002 அல்லது 2005 பட்டியலில் உம் பெயர் எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருந்தது, எழுதும். உம் பெயர் இல்லையா, அப்பா அம்மா பெயராவது இருந்ததா, எழுதும். இதற்குச் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று பெயர். தீவிரம் தெரிகிறது, சிறப்பைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

2002-ல் நான் புரசைவாக்கம் தொகுதியில் இருந்தேன். நான் இருக்கிறேன், தொகுதிதான் இல்லை. 2008 மறுசீரமைப்பில் பூங்கா நகரோடு அதற்கும் காரியம் முடிந்தது. செத்துப்போன தொகுதியின் பட்டியலைப் பேரனின் செல்போனில் விரித்துவைத்து, பூதக்கண்ணாடி பிடித்து, நான் செத்துப்போகவில்லை என்று காட்ட வேண்டியிருந்தது.

என் முதல் ஓட்டு 1967-ல். அப்போது இருபத்தொரு வயசு நிரம்ப வேண்டும். பதினெட்டுக்கு இறக்கியதெல்லாம் 1989-ல். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சும், கழுத்தில் கட்டுப்போட்ட எம்.ஜி.ஆர். போஸ்டரும் இல்லாத சுவர் மெட்ராஸில் கிடையாது. மாநகராட்சிப் பள்ளி வகுப்பறை ஒன்றில், சீட்டைத் தப்பாக மடித்தால் மை மறுபக்கம் ஒட்டிச் செல்லாத ஓட்டாகிவிடும் என்ற பயத்தில் முத்திரையை ஊதி ஊதிக் காயவைத்தேன். அந்தத் தேர்தலில் காமராஜர் விருதுநகரில் தோற்றார். முதலமைச்சர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்யவந்தவனிடம் கேட்டது, பேர் என்ன என்று மட்டும்தான். சொன்னேன், மை வைத்தார்கள். இன்றைக்கு ஒரு கவுன்சிலரைக்கூட அசைக்க முடியாத கிழவனிடம் அரசாங்கத்துக்கு எத்தனை சந்தேகம்!

அதற்கும் முந்திய கதை அம்மா சொன்னது. சுதந்திரம் வந்த புதிதில் பட்டியல் எழுதவந்தவர் அம்மாவிடம் புருஷன் பேரைக் கேட்டிருக்கிறார். புருஷன் பேரை வாயால் சொல்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. "பழனி மலையில நிக்கிறாரே, அவரு பேருதான்" என்றிருக்கிறாள். வந்தவர் தண்டபாணியா, வேலாயுதமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, சுப்பிரமணியம் என்றதும் அம்மா தலையாட்டி, எழுதிக்கொண்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாராம். அந்த முதல் பட்டியலில் நாடு முழுதும், முக்கியமாக வடக்கே, சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் தாய், இன்னாரின் மனைவி என்று பதிந்துகொண்ட பெண்கள் ஏறத்தாழ 28 லட்சம் பேர் விடுபட்டுப்போனார்கள். அது பெரிய குறை என்று அன்றைக்கே பேசப்பட்டது. அடுத்த தேர்தலுக்குள் அவர்களைத் தேடிச் சேர்க்கப் பாடுபட்டார்கள். விடுபட்டவர்களின் எண்ணிக்கையைச் சாதனையாக அறிவிக்கிற சாமர்த்தியம் அந்தத் தலைமுறைக்கு வாய்க்கவில்லை.

அத்தாட்சிக்கு வருவோம். பழைய பட்டியலில் பெயர் அகப்படாவிட்டால் காட்டுவதற்கென்று ஆணையம் முதலில் 11 ஆவணங்களைச் சொன்னது. அதில் ரேஷன் கார்டு இல்லை. ஆதார் இல்லை, உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு பன்னிரண்டாவதாக ஒட்டிக்கொண்டது. தலைமைத் தேர்தல் ஆணையர் சேஷன் காலத்தில் அடம்பிடித்துக் கொண்டுவந்த வாக்காளர் அட்டை, ஆணையம் தன் கையால் முத்திரை போட்டுக் கொடுத்த அட்டை, பிக்பாக்கெட் ஆசாமி மாதிரி நம் முகத்தை அச்சடித்த அந்த அட்டை, அதுவும் இல்லை! மெட்ரிகுலேஷன் சான்றிதழ் உண்டு. என் தலைமுறைக்கு அதில் பிறந்த தேதி எப்படி வந்தது தெரியுமா? ஹெட்மாஸ்டர் வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டேன். ஐந்து வயசு என்று முடிவு கட்டி, ஏதோ ஒரு ஜூன் மாதத் தேதியைப் போட்டுக்கொண்டார். அவர் போட்ட தேதி அத்தாட்சி. ஆணையம் கொடுத்த அட்டை காகிதம்.

கள்ள ஓட்டே இல்லாத பொற்காலத்தில் நாங்கள் வாழ்ந்தோம் என்று கதைவிட மாட்டேன். செத்தவர்கள் சுடுகாட்டிலிருந்து நேரே வந்து வரிசையில் நின்ற காலம் அது. "உங்க ஓட்டு அப்பவே போட்டாச்சே" என்று சிரித்த பூத் ஏஜென்ட்டுகளையும் பார்த்திருக்கிறேன். செத்தவர் பெயரை அடிக்கத்தான் வேண்டும். அதை வருஷா வருஷம் அடித்திருக்க வேண்டும். இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் தூங்கிவிட்டு, சட்டமன்றத் தேர்தலுக்கு ஆறு மாதம் இருக்கையில் விழித்து, ஒரே மாதத்தில் எல்லாரையும் எண்ணப் புறப்பட்டால் என்ன ஆகும்? பீகாரில் ஆனது. பட்டியலில் செத்துப்போன இருவர் 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்துக்கே நேரில் வந்து நின்றார்கள். அந்தக் காலத்தில் செத்தவர்களுக்கு உயிர் கொடுத்தது கட்சிக்காரர்கள். உயிரோடிருப்பவர்களைச் சாகடிக்க இப்போது அரசியல் சாசன அமைப்பே வந்துவிட்டது.

இங்கே தமிழ்நாட்டில் 2025 டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் 97 லட்சம் பெயர்கள் காணோம். செத்தவர்கள் அதில் 27 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 66 லட்சம் பேர் முகவரியில் இல்லையாம். சென்னையில் மட்டும் ஏறத்தாழ 14 லட்சம் பெயர்கள் போயின. முகவரியில் எப்படி இருப்பான்? பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாழ்கிறவன், வீட்டுக்காரர் வாடகை ஏற்றினால் மூட்டை கட்டுகிறவன். கூவம் ஓரத்துக் குடிசைகளை இடித்துக் குடும்பம் குடும்பமாகக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றிவிட்டது அரசாங்கம்தானே? ஏற்றிவிட்டவர்களே திரும்பி வந்து, பழைய இடத்தில் ஏன் இல்லை என்று கேட்கிறார்கள்.

படிவத்தோடு வந்த அங்கன்வாடிப் பெண்ணைக் குறைசொல்ல மாட்டேன். நவம்பர் மழையில், ஒரு கையில் குடை, ஒரு கையில் போன், இடுப்பில் படிவக் கட்டு. "தாத்தா, இதை இன்னிக்கே குடுத்துடுங்க, மேலேருந்து திட்டுறாங்க" என்றாள். மேலே இருந்து திட்டுகிறவர் மாடி ஏறி ஒரு வீட்டுக் கதவையாவது தட்டியிருப்பாரா?

ஆனால் இந்த நாட்டில் பிழையே இல்லாத வாக்காளர் பட்டியல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. திருமங்கலம் இடைத்தேர்தலில் 2009-ல் பேர்பெற்றது. ஆர்.கே.நகரில் 2017-ல் பணப்பட்டுவாடா தாங்காமல் ஆணையமே தேர்தலை ரத்து செய்ததே, அந்த ஊரிலும் அது இருந்திருக்க வேண்டும். ஓட்டுக்கு முந்தின ராத்திரி கவரோடு வருகிற பையன் கையில் இருப்பதைச் சொல்கிறேன். எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, யார் வெளியூர், யார் செத்தார், எந்த மருமகள் புதுசு, மாடியில் குடிவந்தவர் எந்த ஊர்க்காரர், எல்லாம் அதில் இருக்கும். 2002-ல் எங்கே இருந்தாய் என்று அவன் ஒரு கிழவியைக்கூடக் கேட்டதில்லை. எந்தக் கட்சியின் கவரும் விலாசம் தவறியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆணையத்துக்கு அவ்வளவு அவசரமென்றால், அங்கன்வாடிப் பெண்ணைக் குழந்தைகளிடம் திருப்பி அனுப்பிவிட்டு, அந்தப் பையன்களை அழைத்து ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். விலை பேசித்தான் கொடுப்பார்கள்.