பவுத்திர இலக்கணம்

உடம்பின் கடைசி இரண்டு அங்குலத்தை வகைப்படுத்த மருத்துவ உலகம் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆசனவாய்க்குள்ளிருந்து தோலுக்குச் சீழ் வழி தோண்டும் பவுத்திரத்தை ஆயுர்வேதச் சுஸ்ருதர் ஐந்து என்றார்: சல்லடைக் கண்ணன், ஒட்டகக் கழுத்தன், ஓயாமல் ஒழுகுவது, சங்குச் சுழி, விழுங்கிய எலும்பு குத்தி வழி தவறியது. 1976-ல் லண்டன் அறுவை மருத்துவர் ஆலன் பார்க்ஸ் ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு, சுருக்குத்தசைகளை எல்லைக்கல்லாக நட்டு நான்காக்கினார். 2000-ல் லீட்ஸ் நகரத்து செயின்ட் ஜேம்ஸ் மருத்துவமனையார் எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்து மறுபடி ஐந்துக்கே வந்தார்கள்.

பவுத்திரத்துக்கு வாய் இரண்டு. புறவாய் தோலில் கசியும், நோயாளியே காட்டிவிடுவார். உள்வாய் ஆசனவாய்க்குள் ஒளிந்திருக்கும்; பெரும்பாலும் தோன்றா எழுவாய். அதை விட்டுப் பயனிலையை மட்டும் அறுத்தால் பயன் இல்லை. புண் ஆறும், நோய் திரும்பும்.

அந்த எழுவாயைத் தேடத்தான் எம்.ஆர்.ஐ. கொழுப்பின் வெண்மையை அடக்கி எடுத்த படத்தில் சீழ்த்தடம் மட்டும் இருட்டில் வெள்ளைப் புழுவாக நெளியும். அறிக்கையில் ‘6 மணி’ என்றிருந்தால் டாக்டர் வரும் நேரமல்ல. மல்லாந்து காலைத் தூக்கிப் படுத்தவரின் ஆசனவாய்தான் கடிகாரம்: 12 முன்புறம், 6 பின்புறம், 3 நோயாளியின் இடப்பக்கம். திரையில் அது வலப்பக்கம் தெரியும். இங்கே தடுமாறியவர்கள் உண்டு.

இனி லீட்ஸ்காரர்களின் ஐந்து இனங்கள். முதலாவது, இரு சுருக்குத்தசைகளுக்கு நடுவே ஒற்றைத் தடமாகப் போகும் சாது. இரண்டாவது அதே சந்தில் கிளையோ சீழ்க்கட்டியோ சேர்த்துக்கொண்டது. இருபுறமும் வளைந்தால் குதிரை லாடம். (ஒட்டகம் போய்க் குதிரை வந்தது.) மூன்றாவது வெளிச் சுருக்குத்தசையைத் துளைத்துச் செல்வது. நான்காவது அதுவே, பக்கத்துக் கொழுப்புப் பள்ளத்தில் கட்டியோ கிளையோ கட்டிக்கொண்டது. ஐந்தாவது இடுப்புத்தளத் தசைக்கு மேலே மாடி வைத்தது.

இந்த வரிசையில் எனக்கு ஒரு குறை. மூன்றாம் இனம் என்ற எண், தடத்துக்குக் கீழே வெளித்தசை எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதில்லை. கத்திக்கு வேண்டியது அதுதான். கொஞ்சம் என்றால் திறந்துவிடலாம். அதிகம் என்றால், வெட்டிய பிறகு மலத்தை அடக்கத் தசை இருக்காது; நூலைக் கோத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சென்டிமீட்டர் எழுதாத அறிக்கையை நான் அரை அறிக்கை என்றே சொல்வேன்.

வெளியே ஒருவர் ஸ்கேன் உறையை மடியில் வைத்து, பெஞ்சில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். “இது மூலம்தானே சார்?”

இல்லை ஐயா. மூலம் வேறு நூல்.