வேலையை விடலாமா?

கேள்வி: எழுத்தை மட்டும் நம்பி வேலையை விடலாமா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: அவசரப்படாதீர்கள், தம்பி. எழுத்தாளர் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் சலூன் தொழில் செய்துகொண்டேதான் கதை எழுதினார். 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுப்புக்குச் சாகித்திய விருது வந்த பிறகும் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கி, பிரதிகளைக் கையில் சுமந்து தெருத்தெருவாக விற்றார். பின்னாளில் அந்த இதழ் வந்தது உங்கள் கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்துதான்!

கத்தரிக்கோல் கதைக்கும் வேண்டும். முதல் பந்தியை வெட்டிப் பாருங்கள்; பெரும்பாலும் கதை இரண்டாவதில்தான் தொடங்கும். பத்திரிகை 800 சொல் கேட்டால் 800 மட்டுமே கொடுங்கள். சன்மானம் எவ்வளவு, எப்போது என்பதை எழுதுமுன்பே கேளுங்கள், அதில் வெட்கமில்லை. மாதச் சம்பளம் இருக்கட்டும். விடியற்காலையில் ஒரு மணி நேரம் எழுதுங்கள், நாளைக்கே.