இந்தத் தடவை சத்தியமா வாங்க மாட்டார்

ஒரு கேம் கம்பெனியையாவது இவர் தலைமுழுகாத வாரம் கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலை, ஆபீஸ் வாசல் டீக்கடையில் அறிவிப்பு வரும். "இனிமே அவனுங்க கேம் ஒண்ணுகூட வாங்கறதா இல்ல மச்சி. முடிஞ்சுது." கிளாஸை பெஞ்சில் வைக்கிற சத்தத்தில் மாஸ்டரே ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார். எவனுங்க, என்ன பண்ணினானுங்க என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் முக்கால் மணி நேரம். கேட்காவிட்டால் அரை மணி நேரம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி வாங்கிவிடுவார்.

பெயர் வேண்டாம். 34 வயது, ஓ.எம்.ஆரில் வேலை, பள்ளிக்கரணையில் வீடு, டி.வி.க்குப் பக்கத்தில் நெட்டுக்குத்தாக ஒரு பிளேஸ்டேஷன் 5 (வருகிற உறவினர்கள் அதை வைஃபை பெட்டி என்று நினைத்து பாஸ்வேர்டு கேட்பார்கள்) என்று அடையாளம் சொன்னாலே நாலு பேர் சண்டைக்கு வருவார்கள்.

இந்தத் தலைமுழுகலுக்கு ஒரு பாரம்பரியம் இருக்கிறது. 2009-ல் 'கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2' வரவிருந்த நேரம். கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்கள் தாங்களே சர்வர் வைத்து நடத்திக்கொள்ளும் வசதி அதில் இருக்காது என்று தெரிந்ததும் பெரிய கொந்தளிப்பு. கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் புறக்கணிப்புக்கென்றே ஒரு குழு தொடங்கி, ஆள் மேல் ஆளாகச் சேர்ந்து சபதம் எடுத்தார்கள். ஸ்டீம் பொல்லாதது. யார் இந்த நிமிஷம் எதை ஆடிக்கொண்டிருக்கிறார் என்று பெயருக்குக் கீழேயே காட்டிக்கொடுத்துவிடும். நவம்பரில் கேம் வெளிவந்ததும் யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் குழுவின் உறுப்பினர் பட்டியலை அப்படியே படம் பிடித்துப் போட்டார். சபதம் எடுத்தவர்களில் பெரும்பாலோர் பெயருக்குக் கீழே அந்தக் கேமின் பெயர்தான் இருந்தது. அந்தப் படம் இன்றைக்கும் சுற்றுகிறது. நம்மவரிடம் காட்டினால் விழுந்து விழுந்து சிரிப்பார். "வாயில மட்டும் வீரம் பாரு" என்பார். அந்த வருஷம் இவரிடம் கிரெடிட் கார்டு இல்லை. ரிச்சி ஸ்ட்ரீட் திருட்டு டி.வி.டி.யில் புறக்கணிப்புக்கு வேலையும் இல்லை.

இப்போது கார்டு இருக்கிறது. பேங்க் மெசேஜ் மனைவியின் நம்பருக்குப் போகிறது. முதல் தடவை அவர் பதறிவிட்டார். "ஏங்க, ஸ்டீம்னு யாரோ காசு எடுத்திருக்காங்க. ஆவி பிடிக்கிற மிஷின் ஏதும் ஆர்டர் போட்டீங்களா? உங்களுக்குச் சளிகூட இல்லையே?" இப்போதெல்லாம் பதறுவதில்லை. "இந்த வாரம் எந்தக் கம்பெனியோட ராசியாயிட்டீங்க?" என்று கேட்டுவிட்டுக் குக்கரை ஏற்றப் போய்விடுகிறார்.

எல்லாப் பாவத்துக்கும் மூலம் இவர் கணக்கில் ஒரு குதிரை. 2006 ஏப்ரலில் பெதஸ்டா நிறுவனம் 'ஆப்லிவியன்' கேமில் வரும் குதிரைக்கு ஒரு கவசம் செய்து, அதைத் தனியாக இரண்டரை டாலருக்கு விற்றது. ஊரே கைகொட்டிச் சிரித்தது. சிரித்துக்கொண்டே வாங்கவும் செய்தது. முழு விலை கொடுத்து வாங்கிய கேமுக்குள்ளேயே உண்டியல் வைக்கிற வழக்கம் அங்கேதான் வேர்விட்டது என்பது இவர் வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. டீக்கடை, கல்யாணப் பந்தி, பல் டாக்டர் வரவேற்பறை, எங்கே உட்கார்ந்தாலும் இவர் பேச்சு மூன்றாவது வாக்கியத்தில் குதிரை ஏறிவிடும். பெட்ரோல் விலை உயர்ந்தால் குதிரை. ஓ.டி.டி.யில் விளம்பரம் வந்தால் குதிரை. வளையலுக்கு ஏன் தனியாகச் செய்கூலி என்று மனைவி நகைக்கடையில் கேட்டபோது, பதில் சொல்ல வாயெடுத்தது கடைக்காரர் அல்ல, இவர். "இதெல்லாம் 2006-ல ஆரம்பிச்சது..."

குதிரையிலிருந்து டார்த் வேடருக்கு வருவார். 2017-ல் இ.ஏ. நிறுவனம் வெளியிட்ட 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2'-ல் அந்த வில்லனை ஆட்டக்காரர் கையில் எடுக்க வேண்டுமானால் 60,000 புள்ளி சேர்க்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். மணிக்கணக்கில், நாள்கணக்கில் உழைக்க வேண்டும். கேள்வி கேட்டவர்களுக்கு, உழைத்து அடைந்தால் பெருமிதமும் சாதித்த உணர்வும் கிடைக்குமே என்ற ரீதியில் கம்பெனி ரெடிட்டில் பதில் எழுதியது. அந்தப் பதிலுக்கு விழுந்த எதிர் வாக்குகள் 6 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல். கின்னஸ் புத்தகத்தில் ஏறிவிட்டது. "அதுல ஒண்ணு நான் போட்டது" என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்வார். தன் வார்டு கவுன்சிலர் யாரென்று இவருக்குத் தெரியாது. அடுத்த வருஷம் பெல்ஜியம், கேமுக்குள் காசு கட்டித் திறக்கிற அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தின் கீழ் வரும் என்று அறிவித்தது. அந்த ஒரு மாதம் முழுக்க இவர் பெல்ஜியத்தை ஏதோ மாமனார் ஊர் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்.

சரி, குதிரைக்கு வருவோம். 2025 ஏப்ரல் 22 அன்று முன்னறிவிப்பே இல்லாமல் அதே 'ஆப்லிவியன்' புது மெருகோடு வந்து இறங்கியது. சாதாரணப் பதிப்பு 50 டாலர். டீலக்ஸ் பதிப்பு 60. அந்தக் கூடுதல் 10 டாலருக்குக் கிடைப்பவற்றில் ஒன்று குதிரைக் கவசம். பெதஸ்டாவும் குறும்புக்காரர்கள்தான்.

நம்மவர் டீலக்ஸ் வாங்கினார். 19 வருஷம் திட்டித் தீர்த்த கவசத்தைக் குதிரைக்கு மாட்டி, நாலு கோணத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். யாரோ பழைய பேச்சை நினைவூட்டியதற்கு இவர் அளித்த பதில்: "அது வேற கோபம், இது வேற பாசம்."

சில புறக்கணிப்புகள் செலவில்லாதவை. 'ஃபால்அவுட் 76' கேமின் 200 டாலர் சிறப்புப் பதிப்பில் கேன்வாஸ் பை தருவதாகச் சொல்லிவிட்டு, 2018-ல் சாதாரண நைலான் பையை அனுப்பிவிட்டார்கள். ஏமாந்தவர்களுக்கு நஷ்டஈடாக முதலில் நீட்டியது கேமுக்குள் செல்லுபடியாகும் 5 டாலர் பெறுமான போலிக் காசு. ஊர் காறித் துப்பிய பிறகுதான் கேன்வாஸ் வந்தது. இவர் அந்தப் பதிப்பை வாங்கவே இல்லை. ஆனாலும் ஒரு மாதம் அம்மாவிடம் புலம்பினார். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னது: "நம்ம துணிக்கடையில கட்டைப்பை சும்மாவே தர்றானேடா."

2025 ஜூன் 5 அன்று நிண்டெண்டோவின் 'ஸ்விட்ச் 2' வந்தபோதும் அப்படித்தான். கருவி 450 டாலர், கூட வந்த 'மரியோ கார்ட்' 80 டாலர். விலையைக் குறை என்று அமெரிக்காவில் கூச்சல். அவர்களைவிடப் பலமாகப் பள்ளிக்கரணையில் கூச்சல். நிண்டெண்டோ அன்று கடை விரித்த நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. விற்காத பொருளை வாங்க மறுத்து, அதில் தோற்கவும் முடியாத நிலையில், இவர் வாழ்வின் ஒரே முழு வெற்றி பெற்ற புறக்கணிப்பு அதுதான்.

முன்பதிவுதான் பலவீனம். 'சைபர்பங்க் 2077' கேமை 2020 ஏப்ரல் 16 என்றார்கள், செப்டம்பர் 17 என்றார்கள், நவம்பர் 19 என்றார்கள், கடைசியில் டிசம்பர் 10-ல் விட்டார்கள். ஒவ்வொரு தள்ளிவைப்புக்கும் ஒரு தலைமுழுகல். பழைய பிளேஸ்டேஷனில் அது ஓடிய லட்சணத்தைப் பார்த்து, ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதைத் தூக்கிவிட்டுக் காசைத் திருப்பித் தர முன்வந்தது. நம்மவர் திருப்பி வாங்கவில்லை. "ஒருவேளை சரி பண்ணிட்டான்னா?" சரி பண்ண மூன்று வருஷம் ஆயிற்று. 2023 செப்டம்பரில் அதன் 2.0 பதிப்பு வந்து எல்லோரும் பாராட்டத் தொடங்கியதும், "நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்றார். அன்றைக்குச் சொன்னது வேறு. அதைப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

மொபைலில் ஆடுகிறவர்களை இவர் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

இதுவரை எல்லாம் சிரிப்புதான். சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது.

2024 ஆகஸ்ட் 23 அன்று சோனி 'கான்கார்ட்' என்ற கேமை 40 டாலருக்கு வெளியிட்டது. ஆட ஆள் வரவில்லை. செப்டம்பர் 6-ல் கடையைச் சாத்திக் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். முன்னோட்டம் பார்த்த அன்றே இது தேறாது என்று இவர் சொல்லியிருந்தார், உண்மை. அந்த மகிழ்ச்சியில் அரை கிலோ மைசூர்பாகு வாங்கி வந்து டீமுக்கே விநியோகித்தார். அக்டோபரில் அந்தக் கேமைச் செய்த ஸ்டுடியோவையே மூடினார்கள். "நல்லா வேணும்" என்றார்.

யாருக்கு நல்லா வேணும்? அதே வருஷம் ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பியது. பிப்ரவரியில் சோனி பிளேஸ்டேஷன் பிரிவில் சுமார் 900 பேர். நிழல் விழுகிற கோணத்தைச் சரிபார்த்தவர், குதிரைக் குளம்படிக்குச் சத்தம் கொடுத்தவர், இரவு 2 மணிக்குப் பிழை தேடியவர் எல்லோரும் அதில் இருந்திருப்பார்கள். உண்டியல் வைக்கச் சொல்லி உத்தரவு போட்டவர் அவர்களில் ஒருவராக இருக்க வாய்ப்பு குறைவு. நம்மவரும் கோடு எழுதிச் சம்பளம் வாங்குகிறவர்தான். இவர் ஆபீஸில் 'பெஞ்ச்' பட்டியல் சுற்றிய மாதத்தில் எச்.ஆர். நம்பரிலிருந்து போன் வந்தாலே உள்ளங்கை வேர்க்கும். பக்கத்து சீட்டுக்காரர் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, டப்பர்வேர் டப்பாவை மறந்து போன அன்று டீக்கடையில் கேம் பேச்சே எழவில்லை. அந்த மனுஷன் எப்படி மைசூர்பாகு வாங்கினார் என்று கேட்க வேண்டும் போலிருக்கிறது. கேட்டால் முக்கால் மணி நேரம்.

ஆனால் இவருக்கும் ஒரு அடி விழுந்தது. இவர் உயிராக நேசித்த கேம் 'ஹை-ஃபை ரஷ்'. அதைச் செய்தது டோக்கியோவில் இருக்கும் டாங்கோ கேம்வொர்க்ஸ். 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அதை மூடப்போவதாக அறிவித்தது. அன்று இவர் யாரையும் திட்டவில்லை. மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டார். ஆகஸ்டில் ஒரு கம்பெனி முன்வந்து, அந்தக் குழுவையும் கேமின் உரிமையையும் எடுத்துக்கொண்டது. எந்தக் கம்பெனி? கிராஃப்டன். இந்தியாவில் பப்ஜிக்குப் பிறகு பி.ஜி.எம்.ஐ.யைக் கொண்டுவந்த, பஸ்ஸில், மொட்டை மாடியில், ஹாஸ்டல் கட்டிலில் பையன்களை மொபைலோடு கட்டிப்போட்ட அதே கொரியக் கம்பெனி. மனிதக் கணக்கில் சேராதவர்கள் தட்டித் தட்டிச் சேர்த்த காசில் ஒரு பங்கு அங்கேயும் போயிருக்கும். அந்த வாரம் மட்டும் யாரும் தலைமுழுகப்படவில்லை.

இவரை முழுசாக வெறுக்க விடாமல் தடுப்பது 'தி க்ரூ' விவகாரம். யூபிசாஃப்டின் 2014 கார் பந்தயக் கேம் அது. 2024 மார்ச் 31-ல் சர்வரை நிறுத்தினார்கள். இணைய இணைப்பு இல்லாமல் ஓடாத கேம் என்பதால், காசு கொடுத்து வாங்கியவர் கையில் இருந்த டிஸ்க் டீ கிளாஸ் வைக்கத்தான் லாயக்கு. விற்ற கேமைச் சாகடிக்காதே என்று ராஸ் ஸ்காட் என்பவர் ஓர் இயக்கம் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மனு. கையெழுத்துப் போட ஐரோப்பியக் குடியுரிமை வேண்டும்.

நம்மவருக்குக் கார் கேம் பிடிக்காது. 'தி க்ரூ'வை வாங்கியதுகூட இல்லை. ஆனால் பாரிஸில் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் இருக்கிறார். பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை. அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது போன் போட்டார்.

"அண்ணே, ஒரு கையெழுத்து வேணும்."

"எதுக்குடா? ஜாமீனா? ஆளை விடு."

"இல்லண்ணே. ஒரு கேமைக் காப்பாத்த."

அண்ணன் சட்டை செய்யவில்லை. மறுநாளும் போன். அதற்கு மறுநாளும். அண்ணி குறுக்கே வந்து, "போட்டுத் தொலைங்க, தூங்கலாம்" என்ற பிறகு கையெழுத்து விழுந்தது. 2025 ஜூலையில் மனு 10 லட்சத்தைத் தாண்டியது. அன்று டீக்கடையில் எல்லோருக்கும் இவர் செலவில் டீ. தனக்கு ஒரு பைசா லாபமில்லாத, தான் ஆடவே போகாத ஒரு கேமுக்காக. அன்றைக்கு அரை மணி நேரமும் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

இப்போதைய எதிரி, 'ஜி.டி.ஏ.' கேம்களைச் செய்யும் ராக்ஸ்டார். 'ஜி.டி.ஏ. 5' 2013 செப்டம்பரில் வந்தபோது இவர் பிரம்மச்சாரி. இன்றைக்கு மகள் யு.கே.ஜி. ஆறாவது பாகத்தின் முதல் முன்னோட்டம் 2023 டிசம்பர் 5 அன்று இந்திய நேரம் ராத்திரி ஏழரைக்கு என்று சொல்லியிருந்ததால், சாயங்காலம் பர்மிஷன் எழுதிக் கொடுத்திருந்தார். அது கசிந்து விடிகாலையிலேயே வந்துவிட்டது. ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் 14 தடவை பார்த்துவிட்டார். கேம் 2025-ல் வரும் என்றார்கள். பிறகு 2026 மே 26 என்றார்கள். 2025 நவம்பரில் அதையும் மாற்றி 2026 நவம்பர் 19 என்று அறிவித்தார்கள். சைபர்பங்க் ஏமாற்றிய அதே நவம்பர் 19. கிளாஸ் பெஞ்சில் விழுந்த சத்தம் அன்று கொஞ்சம் அதிகம். "இந்தத் தடவை சத்தியமா வாங்க மாட்டேன்."

மே 26-க்கு ஏற்கெனவே லீவு போட்டிருந்தார். காரணம் என்ற இடத்தில், மாமா வீட்டுக் கிரகப்பிரவேசம் என்று எழுதியிருந்தார். அறிவிப்பு வந்த மறுநாளே அதை ரத்து செய்து, நவம்பர் 19, 20 என்று மாற்றிப் போட்டார். வைகாசி முகூர்த்தம் கார்த்திகைக்குத் தள்ளிப்போய்விட்டதாம். மேனேஜர் நல்ல மனிதர், அனுமதித்துவிட்டார்.

மாமா நங்கநல்லூரில் 22 வருஷமாக வாடகை வீட்டில் இருக்கிறார்.