சமையல்காரரை அனுப்பலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு குண்டுமல்லியில் இலை அடர்த்தி, பூ குறைவு. பச்சை இலைகளைக் கிள்ளிவிட்டால் சத்தெல்லாம் பூவுக்குப் போகும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. கிள்ளலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: விருந்து நாளில் சமையல்காரரை வீட்டுக்கு அனுப்புவீர்களா? வெயிலை வாங்கிப் பூவுக்குச் சோறாக்குவதே இலைதான். பழுத்ததையும் நோய் விழுந்ததையும் மட்டும் எடுங்கள். மல்லிகை புதுத் தளிரில்தான் மொட்டு வைக்கும். அதனால் கை வைக்க வேண்டியது இலையில் அல்ல, கிளையில். நவம்பர் கடைசி வாரம் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்து, தொழுவுரம் இடுங்கள். நல்ல வெயில் படட்டும். பங்குனியில் பூ கொட்டும். முதல் முழம் அந்த அக்காவுக்கே கொடுங்கள்!