பனையடிச் செய்

1989 புரட்டாசி மாதம். மன்னார்குடி பக்கத்தில் எங்கள் ஊரில் சம்பா நடவு. நான் டவுனில் ஒரு ஸ்டுடியோவில் உதவியாளாக இருந்தேன். கடைக்காரர் கொடுத்த பழைய யாஷிகாவை மாட்டிக்கொண்டு விடிகாலையிலேயே வரப்பில் போய் நின்றேன். கேமராவுக்குள் ஊட்டித் தொழிற்சாலையில் செய்த ‘இந்து’ கறுப்பு வெள்ளை ஃபிலிம். ஒரு சுருளுக்கு 36 படம்தான். ஒவ்வொரு படத்துக்கும் காசு கணக்குப் பார்க்க வேண்டியிருந்ததால், எடுப்பதைவிடப் பார்த்துக்கொண்டு நிற்கும் நேரமே அதிகம்.

அந்த வயலுக்குப் பனையடிச் செய் என்று பெயர். மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். தென்மேற்கு மூலையில் ஒற்றைப் பனை. பத்துப் பன்னிரண்டு பேர் வரிசை கட்டிக் குனிந்து, பின்னால் நகர்ந்துகொண்டே நட்டார்கள். ஓரத்தில் எங்கள் தெருப் பெரியம்மா. கேமராவைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

“சேத்தோட எடுக்காதடா தம்பி. நாளைக்குப் பாக்குறவங்க என்ன நெனப்பாங்க? பொங்கலுக்குக் கடைக்கு வரேன், அப்ப எடு.”

சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். நான் ஒரு படம் எடுத்துவிட்டேன். அவர் வேண்டாம் என்று சொன்ன பிறகு எடுத்தது தவறு. இன்றைக்கும் அதில் எனக்கு வேறு கருத்து இல்லை.

சொன்னபடி பொங்கல் முடிந்ததும் வந்தார். எங்கள் ஸ்டுடியோவில் மூன்று திரைகள் இருந்தன: தாஜ்மகால், மாடிப்படி, பனிமலை. அறுவடைக் கூலி நெல்லை விற்ற கையோடு வருபவர்கள் எல்லோரும் குளித்து, பவுடர் போட்டு, இரவல் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு அந்தத் திரைகளுக்கு முன்னால் நிற்பார்கள். வயலை வரைந்த திரை எங்களிடம் இல்லை. யாரும் கேட்டதும் இல்லை. வாழ்நாளெல்லாம் சேற்றில் நின்றவர்கள், படத்திலாவது கரையேறி நிற்க ஆசைப்பட்டார்கள். அது வெட்கமில்லை, நியாயமான ஆசை. கூலிக்காகவும் மரியாதைக்காகவும் எத்தனையோ பேர் போராடிய மண் இது. சேறு படாத ஒரு படம் வேண்டும் என்று பெரியம்மா கேட்டதும் அந்த மரியாதைக்காகத்தான். மாடிப்படித் திரைக்கு முன்னால் விறைப்பாக நின்று எடுத்துக்கொண்டார். சட்டம் போட்டு வீட்டில் மாட்டினார்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வந்தது. பெரியம்மா வீட்டுக் கூரை போயிற்று. சுவரில் இருந்த படம் சேற்றில் விழுந்து, கண்ணாடியோடு ஒட்டி ஊறி, முகம் கரைந்துவிட்டது. எந்தச் சேறு படத்தில் தெரியக் கூடாது என்றாரோ, அந்தச் சேறே படத்தை எடுத்துக்கொண்டது. மூன்று வருடம் கழித்து அவரும் போய்ச் சேர்ந்தார். திதிக்குப் படம் தேடியபோது பேரன் என்னிடம் வந்தான். என் கையில் இருந்தது பனையடிச் செய்யின் நெகட்டிவ் ஒன்றுதான்.

பெரிதாகப் போட்டுப் பார்த்தோம். முகம் பக்கவாட்டில்தான் தெரிகிறது. ஆனால் கை முழுதாக இருக்கிறது. இடது கையில் நாற்று முடி. வலது கைக் கட்டைவிரலும் இரண்டு விரல்களும் நாலைந்து நாற்றை ஒன்றாகப் பிடித்துச் சேற்றில் அழுத்துகின்றன. கட்டைவிரல் நகம் ஒரு பக்கம் தேய்ந்து சாய்ந்திருக்கிறது. நட்டே தேய்ந்த நகம். மணிக்கட்டைச் சுற்றித் தண்ணீர் வளையம் வளையமாக விரிகிறது. அதற்குள் பனையின் நிழல் உடைந்து கிடக்கிறது.

“சித்தப்பா, பாட்டிய மட்டும் வெட்டி எடுத்துட்டு, பின்னாடி வேற பேக்ரவுண்ட் வச்சுத் தர முடியுமா?” என்றான் பேரன். அவன் பாட்டி கேட்டதைத்தான் அவனும் கேட்டான்.

இன்று படம் எடுப்பதற்குப் பஞ்சமில்லை. ஊட்டித் தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது. கேமரா எல்லோர் கையிலும் இருக்கிறது. கல்யாண ஜோடிகள் வயல் கேட்டு வருகிறார்கள். நானும் எடுத்துக் கொடுக்கிறேன், அதுதான் இப்போது என் பிழைப்பு. போன தை மாதம் ஒரு பெண் கையில் நாற்று முடியோடு நின்றாள். அவள் அம்மா ஒரு காலத்தில் நடவுக்குப் போனவர். வரப்பிலிருந்து இறங்கி வந்து, “முடிய அப்படிப் புடிக்கக் கூடாதும்மா” என்று மகளின் விரலைத் திருத்திவிட்டார். அரை நிமிடம் இருவர் கையும் ஒரே முடியைப் பிடித்திருந்தன. அன்றைக்கு எடுத்ததில் நான் எனக்காக வைத்துக்கொண்டது அந்த ஒரு படம்.

வேறு வகைப் படங்களும் ஊரில் எடுக்கப்படுகின்றன. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் செயலி வழி வருகைப்பதிவு கிட்டத்தட்ட எல்லாப் பணியிடத்திலும் கட்டாயமானது. ஒரு நாளைக்கு இரண்டு முறை, இருக்கும் இடமும் நேரமும் பதிவாகும்படி, வேலைக்கு வந்தவர்களை நிறுத்திப் படம் எடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் கேமராவைக் கண்டு ஒதுங்கிய பெண்கள், டவர் கிடைக்கும்வரை வெயிலில் வரிசையாகக் காத்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன். படம் ஏறவில்லை என்றால் அன்றைய கூலிக்கே ஆபத்தாக இருந்தது. நிலத்துக்கும் இப்போது படம் உண்டு. டிஜிட்டல் பயிர் கணக்கெடுப்புக்காக 2024 கடைசியில் வேளாண் கல்லூரி மாணவர்களையே வயல் வயலாக அனுப்பினார்கள். சர்வே எண், பயிர், ஒரு படம்.

கணக்குக்கு இவை வேண்டியிருக்கலாம். ஆனால் ஒன்றில் ஆள் இருக்கிறார், அவருடைய மண் இல்லை. இன்னொன்றில் மண் இருக்கிறது, அதில் உழைத்த ஆள் இல்லை. குத்தகைக்குச் செய்கிறவர் பெயர் பட்டாவிலும் இல்லை, படத்திலும் இல்லை. இந்த மனிதருக்கும் இந்த மண்ணுக்கும் என்ன உறவு என்று கேட்டால் பதில் சொல்ல இந்த ஆயிரக்கணக்கான படங்களில் ஒன்றும் கிடையாது.

பதில் சொல்லும் படங்களை எடுப்பவர்களும் இருக்கிறார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய ‘பாரி’ என்ற கிராமப்புற மக்கள் ஆவணக்களஞ்சியத்தில் வேலை செய்கிறவரின் பெயரும் ஊரும் தொழிலும் அவர் வாய்ச்சொல்லும் படத்தோடு சேர்ந்தே வருகின்றன. மதுரைக்காரரான எம். பழனிகுமாரின் படங்களைப் பாருங்கள். மீன் விற்ற தாயின் பிள்ளை அவர். உழைக்கும் உடம்பை எட்ட நின்று பார்க்காமல், பக்கத்தில் உட்கார்ந்து எடுத்திருப்பது தெரியும். நாற்பது வருடம் இந்த வேலையில் இருந்தும் அவரிடம்தான் அதைக் கற்றுக்கொண்டேன்.

பின்னணியை மாற்றித் தரக் கேட்ட பேரனிடம் நான் மறுக்கவில்லை. “வா, எடத்தப் பாத்துட்டு வந்து முடிவு பண்ணு” என்று கூட்டிப்போனேன். பனை இல்லை. செங்கல் சூளைக்குப் போய்விட்டது. நடவு மெஷின் ஓடிய தடம் நேர்கோடாகக் கிடந்தது. அந்த மெஷினை நான் குறை சொல்ல மாட்டேன். அது ஓடும் இடத்தில் யாருடைய இடுப்பும் நோவதில்லை. பேரன் செல்பேசியில் இருந்த படத்தைப் பார்த்தான், வயலைப் பார்த்தான். பாட்டி எந்த இடத்தில் நின்றார் என்று கேட்டான். நான் காட்டிய இடத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி நின்றான்.

“இருக்கட்டும் சித்தப்பா. இப்படியே போட்டுக் கொடுங்க.”

அப்படியே போட்டுக் கொடுத்தேன். பின்புறம் பென்சிலால் பெரியம்மாவின் பெயரை எழுதி, கீழே ‘பனையடிச் செய், சம்பா நடவு, 1989’ என்று சேர்த்தேன்.

உங்கள் வீட்டிலும் வயலில் நிற்பவர் படம் ஒன்று பெட்டியிலோ செல்பேசியிலோ இருக்கும். அவர் யார், அந்த வயலுக்கு என்ன பெயர் என்று தெரிந்த ஒருவராவது இன்னும் ஊரில் இருப்பார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவரிடம் கேட்டு எழுதிவையுங்கள். படத்தில் இருப்பவர் உயிரோடு இருந்தால், ஒரு பிரதி அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.