டாலர்கார அண்ணன்

கோவை ரேஸ்கோர்ஸில் காலை ஆறு மணிக்கு நடக்கப் போனால் அவரிடமிருந்து தப்பிக்க முடியாது. சென்னை நடேசன் பூங்காவிலும் மதுரை எக்கோ பார்க்கிலும் அவருக்குக் கிளைகள் உண்டு. வயது ஐம்பத்தைந்துக்கு மேல். மில்லிலோ பேங்கிலோ பொறுப்பான வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கியவர். பனியனுக்கு வெளியே தெரியும்படி கழுத்தில் ஒரு கறுப்பு டாலர். நம் சட்டைப்பையில் செல்போன் இருப்பதைப் பார்த்துவிட்டால் இரண்டடி தள்ளி நின்று ஆரம்பிப்பார்.

“ஏனுங்க, நெஞ்சுக்குப் பக்கத்துல வெச்சிருக்கீங்களே, உள்ள இதயம்னு ஒண்ணு இருக்குதுங்கல்ல?”

இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் போச்சு. அருகம்புல் ஜூஸ் வண்டி வரை கூடவே வருவார். ஜூஸுக்குக் காசும் அவரே கொடுப்பார். பலர் மாட்டிக்கொள்வது இந்தத் தாராளத்தில்தான்.

வீட்டில் அவருடைய ஆட்சி இன்னும் பலமானது. டிவி பக்கத்தில் கள்ளிச்செடி. அது கதிர்களை உறிஞ்சுமாம். டவர் தெரிகிற ஜன்னலுக்குச் சப்பாத்தி சுற்றுகிற அலுமினியத் தாள். ராத்திரி பத்து மணியானால் வைஃபை ரூட்டர் மேல் எவர்சில்வர் குண்டாவைக் கவிழ்த்துவிடுவார். மகன் அமெரிக்கக் கம்பெனியோடு மீட்டிங்கில் இருப்பான். திரையில் துரை வாய் திறந்தபடி உறைந்து நிற்பார். அதே நேரம் சமையலறையிலிருந்து அண்ணி குரல் கொடுப்பார்: “அந்தக் குண்டாவக் குடுங்க, மாவு பொங்கி வழியுது.” இட்லியா, குடும்பத்தின் மரபணுவா என்ற வழக்கில் தினமும் இட்லியே ஜெயிக்கிறது.

காலையில் வெறும் வயிற்றில் ஸ்பைருலினா மாத்திரை, முருங்கைப் பொடி, துளசிச் சொட்டு, சோற்றுக்கற்றாழைச் சாறு. எல்லாமே “ரேடியேஷனை வெளியேத்தும்”. எந்த வழியாக என்று கேட்கக் கூடாது.

ஆதாரம் இல்லாமல் பேசுகிறவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. ஆதாரங்களை மொத்தமாக வாங்கி வைத்திருக்கிறார். முதல் ஆதாரம், செல்போன் அலையை ஆபத்தாகக் காட்டி 2018-இல் வந்த ‘2.0’ படம். செல்போன் கம்பெனிகளின் சங்கமே தணிக்கை வாரியத்தில் புகார் கொடுத்ததால் அதில் வருவது உண்மை என்று நிரூபணமாகிவிட்டது. 5ஜி-யை எதிர்த்துப் போன நடிகை ஜூஹி சாவ்லாவுக்கு 2021-இல் டெல்லி உயர் நீதிமன்றம் 20 லட்ச ரூபாய் அபராதம் விதித்தது. “இருபது லட்சம்னா விஷயம் எவ்வளவு பெருசுன்னு பாத்துக்குங்க!” பிறகு அது 2 லட்சமாகக் குறைந்ததை அவர் படிக்கவில்லை.

கொஞ்சம் படித்த ஆள் எதிரில் வந்தால் உலக சுகாதார நிறுவனத்தை இறக்குவார். அதன் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-இல் செல்போன் அலைகளை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் வைத்தது நிஜம்தான். சான்று போதவில்லை, முழுதாகத் தள்ளிவிடவும் முடியவில்லை என்றால் இந்தப் பிரிவு. அதே பிரிவில் சோற்றுக்கற்றாழை முழு இலைச் சாறும் இருக்கிறது. ஆசிய முறையில் ஊறப்போட்ட காய்கறியும் இருக்கிறது. அண்ணன் காலையில் எதைக் குடித்து எதை வெளியேற்றுகிறார் என்று யோசித்தால் நமக்குத்தான் தலை சுற்றும்.

துளசிக்கும் ஒரு கதை உண்டு. மணிபாலில் எலிகளுக்குத் துளசியிலிருந்து எடுத்த பொருளைக் கொடுத்து, காமாக் கதிரின் பாதிப்பு குறைகிறதா என்று பார்த்திருக்கிறார்கள், பலனும் தெரிந்தது. ஆனால் காமாக் கதிர் மூலக்கூறையே உடைக்கக்கூடியது. செல்போன் அலைக்கு அந்தத் தெம்பு கிடையாது. ஆற்றல் கணக்கில் அது டியூப்லைட் வெளிச்சத்துக்கும் கீழே. இதைச் சொன்னால் அண்ணன் டியூப்லைட்டைச் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்குவார் என்பதால் நான் சொல்வதில்லை.

அவருடைய போனின் முதுகில் சாணச் சில்லு ஒன்று ஒட்டியிருக்கிறது. 2020 அக்டோபரில் பசு நலனுக்கான ராஷ்ட்ரிய காமதேனு ஆயோக்கின் தலைவர், கதிர்வீச்சைக் குறைக்கும் என்று தூக்கிக் காட்டியதே, அதன் தம்பி. அப்போது நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் ஆதாரம் கேட்டார்கள். அண்ணனிடம் அவருடைய அக்கா மகன் கேட்டது வேறு: “மாமா, அலையை இது தடுத்துட்டா கால் எப்படி வருது?”

“நல்ல அலைய விட்டுரும்டா. கெட்டத மட்டும்தான் புடிக்கும்.”

இனி டாலர். ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் ஹாலில் டாலர் விற்கும் கம்பெனி நடத்தும் கூட்டத்துக்கு அண்ணன் நம்மை அழைத்துப் போவதே இதற்காகத்தான். நம்மை மேடையேற்றி, கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, மணிக்கட்டைப் பிடித்து அமுக்குவார்கள், உடம்பு சாய்ந்துவிடும். டாலரை மாட்டிவிட்டு மறுபடி அமுக்குவார்கள், அசையாது. கைதட்டல். முதல் முறை வெளிப்பக்கமாகவும் இரண்டாம் முறை உடம்பை நோக்கியும் அமுக்கினால் டாலர் இல்லாமலே இது நடக்கும். சந்தேகமிருந்தால் வீட்டில் மச்சானை வைத்துப் பாருங்கள்.

உள்ளே இருப்பது எரிமலைக் குழம்புப் பொடி, நெகட்டிவ் அயான் தரும் என்பது கம்பெனி வாக்கு. 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுக்கதிர்ப் பாதுகாப்பு ஆணையம், 5ஜி-யிலிருந்து காப்பதாக விற்ற டாலர், வளையல், தூங்கும்போது கட்டும் கண்பட்டை என்று 10 பொருள்களைச் சோதித்தது. அத்தனையிலும் அயனியாக்கும் கதிர்வீச்சு. டியூப்லைட் ரகம் கிடையாது, அசல் ரகம். போடாதீர்கள், மூடி எடுத்து வையுங்கள் என்று அறிவித்தார்கள். இந்த ஜாதி டாலர்களில் தோரியம் உள்ள தாதுப்பொடி கலந்திருப்பதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. நம் மணவாளக்குறிச்சி மணலில் கிடைக்கும் மோனசைட்டிலும் இருப்பது இதே தோரியம்தான்.

அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் அசரவில்லை. “அது நெதர்லாந்து டாலருங்க. நம்முளுது ஜப்பான் எரிமலை.”

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. முதலில் பணம் கட்டியவரே அவர்தான். விற்காத டாலர் பெட்டி இன்னும் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. அபார்ட்மெண்ட் மாடியிலிருந்த டவரை மனுப்போட்டு அகற்றிய வீரரும் அவரே. அன்றிலிருந்து வீட்டுக்குள் சிக்னல் இல்லை. டவர் எட்டாதபோது போன் தன் சக்தியைக் கூட்டித்தான் அலை அனுப்பும். ஒற்றைக் கோடு சிக்னலில், காதோடு காதாகப் போனை அழுத்தி, மொட்டைமாடியில் நின்று அவர் கத்துவது தெருவுக்கே கேட்கிறது: செல்போனின் ஆபத்து பற்றி, இன்னொரு ஊர் அண்ணனிடம்.

உங்களுக்கும் பயமாக இருந்தால் ஸ்பீக்கரில் பேசுங்கள், இல்லையென்றால் ஹெட்செட் மாட்டுங்கள். உடம்பு வாங்கும் அலைக்கு இந்தியாவில் கிலோவுக்கு 1.6 வாட் என்று 2012 முதல் வரம்பு இருக்கிறது. பெரும்பாலான போன்களில் *#07# அழுத்தினால் உங்கள் போனின் அலை அளவு திரையில் வரும். அதற்குக் காசு கிடையாது, யாரையும் கூட்டத்துக்கு அழைத்து வரவும் வேண்டாம்.