கற்றுக்குட்டிகள் பைப்பில் புகையிலை அடைத்தல்: விரலியல் நோக்கில் ஓர் ஆய்வு

மனிதன் ஒரு சமூக விலங்கு. ஆய்வேட்டின் முதல் வரியாக இதை எழுத வேண்டும் என்பது மரபு, எழுதியாயிற்று. இனி ஆய்வுப் பொருளுக்கு வரலாம்.

ஒரு மரக் கிண்ணம். அகலம் ஒரு விரல் நுழையும் அளவு, ஆழம் அந்த விரலின் இரண்டு கணு. அதற்குள் புகையிலைத் துணுக்குகளைப் போட்டு அமுக்க வேண்டும். தீ வைத்தால் அணையக் கூடாது. இழுத்தால் கன்னம் வலிக்கக் கூடாது. சிக்கல் இவ்வளவுதான். ஐரோப்பியர்கள் இதை நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தீர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். இன்னும் தீரவில்லை என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

ஆய்வு எல்லையை முதலிலேயே வகுத்துவிடுவது நல்லது. சிகரெட்டில் அடைக்கும் வேலையை இயந்திரம் முடித்துவிடுகிறது. பீடியையும் சுருட்டையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து சுற்றித் தருகிறார். பைப் ஒன்றில்தான், காசு கொடுத்து வாங்கியவரே ஒவ்வொரு முறையும் தொழிற்சாலையின் கடைசிக்கட்ட வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது, அதுவும் கூலியில்லாமல். ஆகவே பைப் மட்டும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. புகையிலை புற்றுநோயை உண்டாக்கும் என்பது வேறு துறையினர் ஐயத்துக்கிடமின்றி நிறுவிய முடிவு. பைப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை என்று சமாதானம் சொல்பவர்களுக்கும் உதடு, நாக்கு, தொண்டை ஆகியவை உண்டு. ஆய்வாளர் புகைப்பதில்லை. ஆய்வுப் பொருளில் ஆய்வாளருக்கு அனுபவம் இருந்தாக வேண்டும் என்று எந்தப் பல்கலைக்கழகமும் விதி வைத்ததாகத் தெரியவில்லை.

முன்னாய்வுகள்

இத்துறையின் பழைய நூல்களில் ஒன்று எதிர்ப்பு நூல். இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1604-இல் புகையிலையைத் திட்டி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதோடு இறக்குமதி வரியையும் பன்மடங்கு ஏற்றினார். மறுப்பாய்வுக்குக் கஜானாவும் துணை நின்ற அரிய நிகழ்வு அது.

அடுத்து ஷெர்லக் ஹோம்ஸ். 140 வகைப் புகையிலைகளின் சாம்பலை வேறுபடுத்திக் காட்டும் தனிக் கட்டுரை ஒன்றை, வண்ணப்படங்களோடு, தாம் வெளியிட்டிருப்பதாக அவர் கதைகளில் சொல்லிக்கொள்கிறார். கற்பனைப் பாத்திரம் எழுதிய கட்டுரையை முன்னாய்வாகக் கொள்ளலாமா என்று நெறியாளர் கேட்டார். உண்மையான பாத்திரங்கள் எழுதாத கட்டுரைகளைக் கொள்ளும்போது இதைக் கொள்வதில் பிழையில்லை என்று விடை தரப்பட்டது. தமிழருக்கு இதில் ஒரு தனிப் பெருமை உண்டு. ஹோம்ஸ் தோன்றிய முதல் கதையிலேயே, 1887-இல், கொலையாளி பிடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்பதைச் சாம்பலை வைத்தே அவர் கண்டுபிடிக்கிறார். ஆனால் அது சுருட்டு. மேலே வகுத்த எல்லைக்கு வெளியே நிற்கிறது. வருத்தத்தோடு விட்டுவிடுகிறோம்.

மூன்றாவது முன்னாய்வு ஹோம்ஸையும் விஞ்சியது. அது நடந்த கதை. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயர் புகைத்தவை களிமண் பைப்புகள். மலிவானவை, எளிதில் உடைபவை. உடைந்ததும் போகிற இடத்திலெல்லாம் வீசினார்கள். அமெரிக்காவில் பழைய குடியிருப்புகளைத் தோண்டிய ஜே. சி. ஹாரிங்டன் என்ற தொல்லியலாளர், காலம் ஆக ஆகத் தண்டின் துளை சிறுத்துக்கொண்டே வந்திருப்பதைக் கவனித்தார். துளை எவ்வளவு என்று பார்க்கத் துரப்பண ஊசிகளை ஒவ்வொன்றாக நுழைத்தார். 1600 வாக்கில் அங்குலத்தில் 64-இல் 9 பங்கு. 1750-ஐத் தாண்டும்போது 64-இல் 4 பங்கு. 1954-இல் இதை வெளியிட்டார். எட்டாண்டு கழித்து லூயிஸ் பின்ஃபோர்டு என்பவர் இதற்கு ஒரு சூத்திரமே எழுதினார்: துளைகளின் சராசரி அளவை 38.26-ஆல் பெருக்கு, 1931.85-இலிருந்து கழி, ஆண்டு கிடைக்கும். சராசரி 6 என்றால் 1702. வேடிக்கை என்னவென்றால், துளையின் அளவு பூஜ்யம் என்று வைத்தால் விடை 1931.85. அதாவது 1931-இன் பிற்பகுதியில், ஏறக்குறைய நவம்பரில், உலகத்தின் கடைசிக் களிமண் பைப்பின் துளை முழுதாக மூடிக்கொண்டிருக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பிறகு சூத்திரம் செல்லாது என்று தொல்லியலாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அடைத்தல் பற்றிய ஆய்வுக்கு இது ஏன் வேண்டும் என்று கேட்கலாம். காற்றுப் போகும் வழியை இவ்வளவு அக்கறையாக அளந்தவர்கள் உலகில் இருந்தார்கள் என்பது, பின்வரும் கொள்கையைப் படிக்கும்போது ஆறுதலாக இருக்கும்.

மூன்று கைக் கொள்கை

புதிதாகப் பைப் பிடிக்க வருபவருக்கு மூத்தவர்கள் ஓதும் முதல் மந்திரம் இது. கிண்ணத்தை விளிம்பு வரை அமுக்காமல் நிரப்பு. குழந்தையின் கையால் அமுக்கு, பாதியாகும். மறுபடி நிரப்பு, பெண்ணின் கையால் அமுக்கு, முக்காலாகும். மூன்றாம் முறை குவித்துப் போடு. ஆணின் கையால் அமுக்கு, விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும். அடியில் தளர்ச்சி, மேலே இறுக்கம். காற்று கீழே தாராளமாகப் போகும், கங்கு மேலே நிலைத்து நிற்கும். தத்துவத்தில் குறையில்லை.

குறை அளவையில் இருக்கிறது. குழந்தை என்றால் எத்தனை வயதுக் குழந்தை? பல் முளைத்ததா, பள்ளிக்கூடம் போவதா? புகையிலைப் பக்கம் குழந்தையின் கையைக் கொண்டுபோகலாம் என்று நினைத்த முதல் ஆள் யார், அவர் வீட்டில் பெரியவர்கள் இல்லையா? பெண்ணின் கை ஆணின் கையைவிட மென்மையானது என்று எழுதியவர் ஆட்டுக்கல்லில் இட்லிக்கு அரைத்த கையைப் பார்த்ததில்லை. அந்தக் கையால் இரண்டாவது அடுக்கை அமுக்கினால் மூன்றாவது அடுக்குக்கு வேலை இருக்காது, பைப்பும் இருக்காது. ஒரு குடும்பத்தையே நிறுத்தி வைத்து அழுத்தத்தை அளக்கிற துறை உலகில் இது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

இதற்கு மாறாக ஃபிராங்க் முறை என்று ஒன்று உண்டு. கிண்ணத்தின் மேல் புகையிலையைக் கோபுரமாகக் குவித்து, ஓரங்களை மட்டும் உள்ளே தள்ளி, கட்டைவிரலால் திருகி மூடுவது. அடியில் வெற்றிடம் நிற்கும், மேலே மூடி மாதிரிப் புகையிலை நிற்கும். மூன்று கைக்காரர்கள் அடியிலிருந்து கட்டுகிறார்கள், ஃபிராங்க்காரர்கள் கூரையிலிருந்து கட்டுகிறார்கள். இரு தரப்பாரும் மற்றவருடைய பைப் அணைந்துபோகும் என்றே சொல்கிறார்கள். இரு தரப்பாருடையதும் அணைகிறது. தட்டை தட்டையாக அழுத்தி வெட்டிய புகையிலையை உதிர்க்காமல் அப்படியே மடித்துச் செருகும் மூன்றாம் சமயத்தாரும் உளர். அவர்களோடு வாதம் செய்ய நேரமில்லை.

களப்பணி

பொது இடங்களில் புகைப்பது 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் தடை. ஆகவே களத்தைத் தனியார் வீட்டு வராந்தா ஒன்றில் அமைக்க வேண்டியதாயிற்று. தமிழ்ப் படங்களைத் தரவாகக் கொள்ளலாம் என்ற முதல் எண்ணம் கைவிடப்பட்டது. ஹவுஸ்கோட் போட்டு மாடிப்படியில் இறங்கி வரும் பணக்கார அப்பாக்கள் வாயில் பைப் இருக்கிறதே தவிர, அவர்களில் ஒருவர் அதை உட்கார்ந்து அடைக்கும் காட்சி ஆய்வாளர் கண்ணில் படவில்லை. படங்களில் பைப் அடைத்த நிலையிலேயே பிறக்கிறது.

தகவலாளி குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வலது ஆள்காட்டி விரலின் நுனி பழுப்பேறிக் காய்த்திருக்கிறது. எரியும் புகையிலையை அந்த விரலாலேயே அமுக்கி வந்ததன் சான்று. செக் டூல் என்ற கருவி அவரிடம் உண்டு. அமுக்கத் தட்டை முனை, குத்த ஊசி, சுரண்டக் கரண்டி என மூன்றும் ஒரே ஆணியில் கோத்தது. அதை அவர் கடிதம் பிரிக்கப் பயன்படுத்துகிறார்.

"எவ்வளவு அழுத்தணும் சார்?" என்று கேட்டபோது, "பாத்துத்தான் தம்பி" என்றார்.

இந்த விடையைப் பதிவுசெய்துகொண்டு, அவருடைய மனைவியிடம் சமையலறைத் தராசு இரவல் கேட்டோம். தருவதற்கு முன் அவர் துணைமைத் தரவாக ஒரு கருத்தை வழங்கினார்: "அடைக்கறதுக்கு அரை மணி, பத்த வைக்கறதுக்கு அரை மணி. பிடிக்கறது எப்பன்னு நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

பைப்பைத் தராசின் மேல் நிறுத்தி, தகவலாளியை அமுக்கச் சொல்லி, எண்ணைப் பார்ப்பது சோதனை. முதல் நாள் ஓர் எண், மறுநாள் வேறொரு எண். புகையிலை மாறினால் எண்ணும் மாறியது. நார் நாராக நறுக்கியது ஒரு விதம், பொடியாக நறுக்கியது இன்னொரு விதம், டப்பா திறந்து நாளாகிக் காய்ந்தது மூன்றாவது விதம். அடைப்பதற்கு முன் ஒரு சிட்டிகையை விரலிடையில் நசுக்கி விட்டுப் பார்ப்பார். கட்டியாக ஒட்டிக்கொண்டால் ஈரம் அதிகம், தாளில் பரப்பி உலர வைப்பார். நொறுங்கினால் முகம் சுளிப்பார். மெல்லப் பிரிந்தால் தலையாட்டுவார். எண்கள் எதுவும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பைப் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக எரிந்தது.

பிறகுதான் விரலைவிட்டு முகத்தைப் பார்க்கத் தோன்றியது. ஒவ்வோர் அடுக்கை அமுக்கியதும், தீ வைக்காமலே, பைப்பை வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுக்கிறார். கன்னம் குழிந்தால் ஊசியால் லேசாகக் கிளறுகிறார். காற்று தடையில்லாமல் வந்தால் இன்னும் ஒரு சிட்டிகை போடுகிறார். இளநீரை ஸ்ட்ராவில் இழுப்பதுபோல ஒரு சிறிய தடை இருந்தால் போதும் என்பது அவர் கணக்கு. கைநூல்களிலும் இந்தச் சோதனை வருகிறது, ஆனால் கடைசியில், ஒரு வரியாக, மூன்று கைகளின் விரிவுரைக்கெல்லாம் பிறகு. உண்மையில் அழுத்தத்துக்கு நிலையான அளவே கிடையாது. நிலையாக இருப்பது இழுப்பின் தடை மட்டும். புகையிலைக்குத் தக்கபடி விரல் மாறுகிறது, எப்போது நிறுத்துவது என்று கன்னம் சொல்கிறது. குழந்தை, பெண், ஆண் மூவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

இம்முடிவின்படி கட்டுரைத் தலைப்பில் 'விரலியல்' என்பது 'கன்னவியல்' என்றிருக்க வேண்டும். ஆய்வுத் தலைப்பை மாற்றத் தனி விண்ணப்பமும் கட்டணமும் தேவைப்படுவதால் அப்படியே விடப்படுகிறது.

தீயும் மிச்சமும்

பற்றவைப்பதும் அடைப்பதன் பகுதியே. தீக்குச்சியின் மருந்து எரிந்து முடியும்வரை பொறுத்து, சுடரை மேற்பரப்பில் வட்டமாகச் சுற்ற வேண்டும். சூடு பட்டதும் புகையிலை சுருண்டு, விளிம்புக்கு மேல் எழுந்து நிற்கும். புதியவர் இங்கேதான் கலங்குகிறார். இது பொய்த் தீ. எழுந்ததை மெதுவாக அமுக்கி, அது அணையவிட்டு, மறுபடி பற்றவைப்பதுதான் மெய்த் தீ. அதுவும் அணையும். அணைவது இழுக்கல்ல, அணையக் கூடாது என்று விடாமல் இழுப்பதுதான் கேடு. கங்கு சூடேறி, புகையிலையின் ஈரம் ஆவியாகி, நாக்கு வெந்துபோகும். தண்டில் நீர் கோத்துக் களகளவென்று சத்தம் வரும்.

இதில் பந்தயமும் நடக்கிறது. எல்லோருக்கும் ஒரே வகைப் பைப், 3 கிராம் புகையிலை, அடைக்க 5 நிமிடம், இரண்டே இரண்டு தீக்குச்சி, பற்றவைக்க 1 நிமிடம். பிறகு யாருடைய பைப் கடைசிவரை அணையாமல் இருக்கிறதோ அவர் வென்றார். மூன்று கிராமை மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்தவர்கள் உண்டு. ஒரு மண்டபம் நிறையப் பெரியவர்கள் எதையும் முடிக்காமலிருக்கப் பாடுபடும் இந்தப் போட்டியை நம் அலுவலகங்களுக்கு அறிமுகம் செய்தால் பரிசு எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒழுங்காக அடைத்தால் அடியில் வெண்சாம்பல் மட்டும் மிஞ்சும். தவறாக அடைத்தால் ஈரமான கறுப்புக் கட்டி. ஹோம்ஸ் இந்தக் கட்டிகளை எறிவதில்லை. முந்தின நாள் முழுதும் மிஞ்சியவற்றைக் கணப்பு மாடத்தின் மூலையில் உலர்த்தி, காலைச் சிற்றுண்டிக்கு முன் அதையே பிடிப்பாராம். தகவலாளியிடம் இதைச் சொன்னபோது பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டார். "சாம்பலப் பாத்து ஊரக் கண்டுபிடிக்கத் தெரிஞ்சவருக்கு ஒரு பைப்ப அடைக்கத் தெரியலியே தம்பி" என்றார். ஹோம்ஸியல் அறிஞர்கள் இதை மறுப்பதானால் தக்க சான்றுகளோடு மறுக்கலாம்.

மேலாய்வுக்குரிய களங்கள் பல. மலிவான சோளக்கட்டைப் பைப்பில் புதியவர் நன்றாக அடைத்துவிட்டு, விலையுயர்ந்த பிரையர் மரப் பைப்பில் ஏன் தடுமாறுகிறார் என்பது ஒன்று. சூடு ஆறுமுன் தண்டைக் கழற்றினால் பைப் விரிசல் விடும் என்று தெரிந்தும் எல்லோரும் ஏன் கழற்றுகிறார்கள் என்பது இன்னொன்று. வாயில் பைப் இருப்பதால் பதில் சொல்ல முடியாதவரை, யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று எதிரே இருப்பவர் எடுத்துக்கொள்வது ஏன் என்பது மூன்றாவது. இதை மட்டும் அடுத்த நிதியாண்டில் எடுத்துக்கொள்ளலாம் என்று நெறியாளர் வாய்மொழியாக ஒப்புதல் தந்திருக்கிறார்.